கரடி காரின் விலை மூன்று விரல்

ஒரு காட்டில் சனிக்கிழமைதோறும் பழைய கார்ச் சந்தை கூடும். முன்பு அதே இடத்தில் மாட்டுச் சந்தை நடந்தது. மாடுகளுக்கு ஓட்டுரிமை வந்ததும் அது நின்றுபோய், கார் வந்தது. சரக்குதான் மாறியது, பேரம் பேசும் முறை மாறவில்லை. சந்தைக்குள் விலையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. தரகர் கையில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். அதற்குள் கையை விட்டு எத்தனை விரலை நீட்டுகிறோமோ, அத்தனை லட்சம். ஒரு பேரத்துக்கு ஒரு கைதான். எந்தப் புண்ணியவான் போட்ட விதியோ, சிங்கராஜாவின் சட்டத்தைவிட இதற்குத்தான் அங்கே மரியாதை அதிகம்.

கரடி குப்பண்ணன் தன் காரை அங்கே கொண்டுவந்தார். யோக்கியமான கரடி. சந்தைக்கு வருமுன்பே மரங்கொத்தியை வீட்டுக்குக் கூப்பிட்டு வண்டி முழுக்கத் தட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார். அது அரை நாள் தட்டிவிட்டு, "மூணு லட்சம் நியாயமான வெலைங்க. காலையில மட்டும் யாராச்சும் பின்னால முட்டித் தள்ளோணும், அப்பத்தான் கெளம்பும்" என்று ஊரறியச் சொன்னது. மூன்றுக்கு மேல் ஒரு பைசா வாங்கினாலும் தனக்குத் தேன் தொண்டையில் இறங்காது என்றார் கரடி.

வாங்க வந்தவள் வெள்ளாடு செவ்வந்தி. வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவள். வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் சிறுத்தை குடியிருக்கும் தெருவுக்கு அந்தப் பக்கம். போன வாரம் சிறுத்தை வாசலில் நின்று, "அம்மணி, நாளுக்கு நாள் பூசினாப்பல ஆயிட்டு வர்றீங்க" என்று நலம் விசாரித்திருந்தார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. கார் இருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விடலாம். மரங்கொத்தி சொன்ன விலை அவளுக்கும் சரியாகவே பட்டது. மூன்று லட்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள்.

ஆக, விற்பவருக்கும் மூன்று, வாங்குபவளுக்கும் மூன்று. இதைவிடச் சுலபமான வியாபாரம் உண்டா என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

தரகர் குரங்கு மாரப்பன் துண்டை விரித்தார். கரடி மூன்று விரலை நீட்டினார். அடுத்து செவ்வந்தி முன்னங்காலைத் துண்டுக்குள் விட்டாள். ஆட்டுக்குக் காலில் தரையைத் தொடுவது இரண்டே குளம்பு. குரங்கு தடவிப் பார்த்தார், இரண்டு. மறுபடியும் தடவினார், அப்போதும் இரண்டு. அதைக் கொண்டுபோய்த் துண்டுக்குள் கரடியிடம் சொன்னார்.

கரடிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க அம்மணி, நான் என்ன திருட்டு வண்டியா கொண்டாந்திருக்கறேன்?"

"நான் அப்படிச் சொல்லலீங்களே" என்றாள் செவ்வந்தி. மூன்று என்று மனதுக்குள் கத்திக்கொண்டே திரும்பவும் காலை விட்டாள். திரும்பவும் இரண்டுதான் போய்ச் சேர்ந்தது. இப்படியே ஏழு தடவை. சுற்றி நின்றவர்கள், "அசைஞ்சு குடுக்குதா பாரு, பலே கெட்டிக்கார ஆடு" என்று மெச்சிக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பல்லைக் குத்திக்கொண்டு சிறுத்தை சந்தைக்குள் வந்தார். செவ்வந்தி அவரைப் பார்த்துவிட்டாள். விதியாவது ஒன்றாவது என்று, "மூணு தர்றேனுங்க, வண்டியக் குடுத்துருங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

வாயால் சொன்ன விலை அங்கே செல்லாது. ஓர் எருமை தன் கன்றின் காதைப் பொத்தியது. சிறுத்தை மட்டும் யோசித்தார். மானத்தை விட்டு வாய்திறந்து கேட்கிற அளவுக்கு அந்தக் காரில் என்னவோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நேரே வந்து துண்டுக்குள் கையை விட்டார். ஐந்து நகமும் குரங்கின் உள்ளங்கையில் பதிந்தன.

துண்டுக்குள் சேதி வந்ததும் கரடி பதறிப்போனார். "அவ்வளவு பெறாதுங்க. காலையில தள்ளோணுமுங்க. கொறச்சுக் குடுத்தாப் போதுமுங்க."

"ஊருக்கு முன்னால எனக்குச் சல்லிசாக் குடுத்து அவமானப்படுத்தறியா?" என்று சிறுத்தை உறுமினார். கரடி ஐந்தையும் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் தேன் தொண்டையில் இறங்கவில்லை. பிறகு இறங்கிவிட்டது.

செவ்வந்தி ஞாயிறு முழுக்க அழுதாள். திங்கட்கிழமை பால் திரிந்துவிடுமே என்று, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் நுழைந்தாள். அங்கே காரைப் பின்னாலிருந்து தள்ளித் தள்ளி நாக்குத் தள்ளிப்போய் நின்றிருந்தார் சிறுத்தை.

"அம்மணி, உங்களத்தான் பாத்துட்டிருக்கறேன்."

கதை முடிந்தது என்று செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தக் கொம்பக் கொஞ்சம் இப்படிக் குடுங்க."

அவள் முட்டினாள். இரண்டாம் முட்டில் கார் கிளம்பிவிட்டது. சிறுத்தை கதவைத் திறந்து, "பால் கேனப் பின்னால வெச்சுட்டு ஏறுங்க. வழியில நின்னுபோச்சுன்னா தள்ளறதுக்கு ஆள் வேணுமில்லீங்க" என்றார்.

இப்போது தினமும் செவ்வந்தி முன்சீட்டில் உட்கார்ந்துதான் பால் ஊற்றப் போகிறாள். கண்ணாடியைக்கூட ஏற்றுவதில்லை. "நல்லாச் சாப்பிடுங்க அம்மணி, எளச்சுப் போயிட்டீங்களே" என்று சிறுத்தை உண்மையான கவலையோடு சொல்கிறார். மூன்று லட்சம் அவள் முந்தானையில் பத்திரமாக இருக்கிறது.

நீதி: பழைய காருக்கு நியாயமான விலை என்பது, நம் எதிரி அதற்குக் கொடுத்த விலை.