கிணற்றுக் குமிழியும் மாப்பிள்ளையின் அறிக்கையும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனாரின் ஆசிகள். வழக்கமாக இந்த இடத்தில் இங்கு யாவரும் சௌக்கியம் என்று எழுதுவேன். இந்தத் தடவை எழுத முடியவில்லை. சௌக்கியத்தைப் போன வாரம் நீங்கள்தான் பறித்துக்கொண்டீர்கள்.

கொல்லைக் கிணற்றில் நாலைந்து குமிழி வருகிறது என்று போனில் பேச்சுவாக்கில் சொன்னது என் குற்றம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். உடனே நீங்கள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியும் இரண்டு பக்க விதிமுறைகளும் வந்தன. குப்பியில் தண்ணீர் நிரப்பி, கிணற்று நீருக்குள் தலைகீழாகப் பிடித்து, குமிழிகள் ஏறித் தண்ணீர் வெளியேறியதும் நீருக்குள்ளேயே மூட வேண்டுமாம். அறுபத்தெட்டு வயதில் கிணற்றுப் படியில் குப்புறப் படுத்து அதைச் செய்தேன். மூக்குக்கண்ணாடி உள்ளே விழுந்தது. ஐயோ என்று வாயைத் திறந்தேன், பல்செட்டும் விழுந்தது. சொட்டச் சொட்ட வந்து குப்பியை மேசையில் வைத்தால், உங்கள் மாமியார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல ஒண்ணுமே இல்லையே, மாப்பிள்ளைக்கு வெறும் பாட்டிலையா அனுப்பறது?" என்றாள். வாயு கண்ணுக்குத் தெரியாது என்று விளக்கிவிட்டுக் குளிக்கப் போனேன். மறுநாள் தபாலில் சேர்த்தேன்.

சேற்றுக் கிருமிகள் உண்டாக்கிய வாயுவாக இருந்தால் பயமில்லை என்றீர்கள். உங்கள் அறிக்கையோ கார்பனை எடைபோட்டு, இது மூன்று மைல் ஆழத்தில் பாறைச் சூட்டில் வெந்த வாயு என்கிறது. நூற்றைம்பது மைலுக்கு அப்பால் உள்ள எரிவாயு வயலில் பிறந்து, மணற்பாறைக்குள் ஊர்ந்து, எங்கள் வீட்டுக்கு அடியில் ஒரு வெடிப்பில் ஏறியதாம். குப்பியைத் திறந்ததும் வந்த அழுகிய முட்டை நாற்றத்துக்குக்கூட ஆழத்துக் கந்தகம் என்று காரணம் எழுதிவிட்டீர்கள். அத்தோடு விட்டீர்களா, நகராட்சிக்கும் ஒரு நகல். அவர்கள் வந்து அடுப்புக்குக் குழாய் வழி வரும் எரிவாயுவைத் துண்டித்து, பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்யும்படி கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். முப்பது வருஷம் வாழ்ந்த வீடு மாப்பிள்ளை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது பீடியை அணைத்துவிட்டு மூச்சையும் பிடித்துக்கொள்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. அது எந்தப் பாறையிலிருந்து வருகிறது என்று உங்கள் கருவி சொல்லுமா?

எங்களுக்குப் போக்கிடம் வேறில்லை. திங்கட்கிழமை நானும் உங்கள் மாமியாரும் பதினோரு பெட்டிகளோடு உங்கள் இரண்டு அறை வீட்டுக்கு வருகிறோம். திரும்பும் உத்தேசம் இல்லை.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, கோபம் ஆறியதும்.

இப்படிக்கு,
வீடிழக்கப்போகும் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதை உங்கள் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். நாற்றம் வந்த இடத்தில் அழ ஆரம்பித்துவிட்டாள். "வெறும் பாட்டிலா அனுப்பினா மாப்பிள்ளை என்ன நினைப்பாரு? நீங்க குளிக்கப் போனப்ப அடுப்பு ரப்பர் குழாயைக் கழட்டி நான்தான் ரொப்பினேன்" என்கிறாள். ஆகவே உங்கள் ஆராய்ச்சியில் பிழை இல்லை. அது அதே வயலில் பிறந்ததுதான், நூற்றைம்பது மைல் வந்ததும் உண்மைதான். வந்த வழி மட்டும் மணற்பாறை அல்ல, எங்கள் சமையலறைக் குழாய். நாற்றம், கசிந்தால் தெரியட்டும் என்று எரிவாயுக் கம்பெனிக்காரர்களே கலப்பது. நகராட்சிக்கு இன்றே எழுதுங்கள். புதுக் குப்பி ஒன்றும் அனுப்புங்கள். திங்கட்கிழமை உங்கள் மாமியார் மட்டும் வருகிறாள். அவளை அங்கே ஒரு வாரம் வைத்திருங்கள், அதற்குள் நான் இங்கே குப்பியை நிரப்பிவிடுகிறேன்.