கேமரா விற்கப் போகிறவர்

விற்பவர்களை உங்களுக்குத் தெரியும். வாங்குபவர்களையும் தெரியும். இரண்டிலும் சேராமல் நடுவில் ஓர் இனம் காலகாலமாக வாழ்ந்து வருகிறது. அவர்களுக்கு விற்கப் போகிறவர்கள் என்று பெயர். விற்கவும் மாட்டார்கள், விற்கவில்லை என்று சொல்லவும் மாட்டார்கள். விளம்பரம் கொடுப்பார்கள், யாராவது விலை கேட்டால் முகம் சுளிப்பார்கள், வந்த ஆளை உட்கார வைத்து ஊர்க்கதையெல்லாம் பேசி வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, "சரியான ஆள் வர மாட்டேங்கறான்" என்று பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சில்தான் எவ்வளவு நிம்மதி?

இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி ஒருவர் என் பக்கத்து வீட்டில் இருக்கிறார். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. தெருவில் அவரை 'லென்ஸ்' என்றுதான் சொல்வோம், அவர் காதில் விழாமல். போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த பெரியப்பா பிள்ளைகுட்டி இல்லாமல் போய்ச் சேர்ந்தபோது, பதினோரு பழைய பிலிம் கேமராக்கள் இவர் தலையில் விழுந்தன. அதுவரை கேமராவில் எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிற மனிதர். பெட்டி வந்த மறுவாரமே நம்மைத் தெருவில் நிறுத்தி, நம் மூக்கின்மேல் வெளிச்சம் சரியாக விழவில்லை என்று குறைசொல்ல ஆரம்பித்துவிட்டார். நம் மூக்கு, நம் வெளிச்சம். அவருக்கென்ன?

கேமராக்கள் படுக்கையறை அலமாரியில் குடியேறின. மனைவியின் துணிமணிகள் கட்டிலுக்கடியில் இருந்த சூட்கேசுக்குக் குடிபெயர்ந்தன. ஈரம் பட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்குமாம். அதற்காக அலமாரிக்குள் இரவும் பகலும் எரிகிற பல்பு ஒன்று வேறு. "எப்பங்க விக்கப் போறீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டால், "அதான் விளம்பரம் போட்டாச்சே" என்பார். போட்டதும் உண்மைதான்.

விளம்பரம் பார்த்து ஆள் வருவார். "இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று லென்ஸ் விசாரணையைத் தொடங்குவார். தப்பான பதில் சொன்னால் கதை முடிந்தது. சரியான பதில் என்று ஒன்று கிடையாது. ஓட்டல்காரர் ஒருவர், கடைச் சுவரில் வரிசையாக மாட்டி வைக்கப் போவதாகச் சொன்னார். "மாட்டவா? இது என்ன காலண்டரா?" அவர் போனார். கல்லூரிப் பெண் ஒருத்தி, படம் எடுக்கத்தான் என்றாள். "எடுத்து எடுத்துத் தேய்ச்சிடுவியேம்மா." அவளும் போனாள். பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்றார் ஒரு வக்கீல். "பூட்டி வச்சா ஷட்டர் இறுகிடும் சார்." வக்கீலிடமே வாதாடி ஜெயித்தார்.

ஆளை அனுப்பி வைப்பதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. கேமராவைக் கையில் ஏந்தி, மேலே உள்ள குமிழை இழுத்து, பின்கதவைப் படக்கென்று திறந்து, வந்தவரின் மூக்குக்கு நேரே நீட்டி, "உள்ளே பாருங்க. ஒரு தூசி இருக்கா?" என்பார். இருக்காது. உடனே மூடிவிட்டு, "இது மட்டும் வேற சார். மத்ததை யோசிக்கலாம்" என்பார். பதினோரு கேமராவுமே 'இது மட்டும்'தான்.

சும்மா அடைகாக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். உபயோகமும் செய்வார். ஒரு சுருளில் முப்பத்தாறு படம்தான் என்பதால், எதையும் தகுதி பார்த்துத்தான் எடுப்பார். குழாயில் தொங்கும் சொட்டுக்குத் தகுதி உண்டு. என் வீட்டுச் சுவருக்கு உண்டு. அந்த வீட்டில் இருபது வருஷமாகக் குடியிருக்கும் எனக்கே தெரியாத தகுதி. மனைவியின் முகத்துக்கு மட்டும், "நல்ல வெளிச்சம் வரட்டும், பார்க்கலாம்."

போன வருடம் அந்த அம்மாளும் அவருடைய அக்கா தங்கைகளுமாக நான்கு பேரும் லென்ஸ் வீட்டில் கூடினார்கள். வெளிநாட்டில் மகனோடு இருக்கும் பெரியக்கா பல வருடங்கள் கழித்து வந்திருந்தார். முழங்கால் இருக்கிற நிலைமைக்கு இனிமேல் விமானம் ஏறி வருவது சந்தேகம் என்று அவரே சொல்லிவிட்டார். நால்வரும் சேர்ந்து நிற்கிற படம் என்று அதுவரை ஒன்றுகூடக் கிடையாது. ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். லென்ஸ் குறுக்கே வந்தார்.

"எல்லாரும் போனை உள்ளே வையுங்க. போன்ல எடுக்கறதெல்லாம் படமா? நான் எடுக்கறேன்."

மொட்டைமாடியில் நிற்க வைத்தார். மேகம் விலகட்டும் என்றார். விலகியதும் வெயில் ஜாஸ்தி என்றார். பெரியக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாமா, இப்ப சிரிக்கலாமா?" என்று கடைசித் தங்கை கேட்டாள். "இரும்மா, சொல்றேன்." கடைசியில் ஒரே ஒரு கிளிக். இன்னொன்று எடுங்கள் என்றதற்கு, "ஒண்ணு போதும். அதுதான் பிலிம்" என்றார்.

பெரியக்கா ஊருக்குத் திரும்பினார். மாதங்கள் ஓடின. "படம் எங்கங்க?" என்று மனைவி கேட்பார். "சுருள் முடியலையேம்மா. இன்னும் நாலு படம் பாக்கி." அந்த நாலுக்குத் தகுதியான காட்சி எதுவும் உலகத்தில் நடக்கவில்லை. பெரியக்கா போனில் கேட்கும்போதெல்லாம், "வந்துடும்க்கா, வந்துடும்" என்று அந்த அம்மாள் சமாளிப்பது சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். பாவமாக இருக்கும்.

இந்த நிலையில்தான் ஒரு பல் டாக்டர் கேமரா வாங்க வந்தார். என்ன கேட்டாலும் பதில் வைத்திருந்தார். அளவாகப் படம் எடுப்பாராம், மாதாமாதம் துடைப்பாராம், யாருக்கும் இரவல் தரமாட்டாராம். தட்டிக்கழிக்கக் காரணம் கிடைக்காமல் லென்ஸுக்கு வியர்த்துவிட்டது. கைக்குக் கிடைத்த கேமராவை எடுத்து, குமிழை இழுத்து, படக்கென்று திறந்து நீட்டினார்.

"உள்ளே பாருங்க. ஒரு தூசி இருக்கா?"

டாக்டர் குனிந்து பார்த்தார். வாய்க்குள் பார்த்துப் பழகிய கண் அல்லவா?

"தூசி இல்லை சார். பிலிம் இருக்கு."

டீயோடு வந்த மனைவி அப்படியே நின்றார். வெளிச்சம் பட்ட பிலிம் என்ன ஆகும் என்று, அந்த வீட்டில் இத்தனை நாள் பாடம் கேட்டவருக்குத் தெரியாதா? "அதுலதானே எங்க படம் இருக்கு?" என்றார். லென்ஸ் கதவை அவசரமாக மூடினார். இனி மூடி என்ன?

சுருளைக் கழுவிப் பார்த்தார்கள். கடைசியாக எடுத்த படம்தான் சுருளில் வெளிப்பக்கம் இருக்குமாம். அக்கா தங்கைகள் நின்ற இடம் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. உள்ளே பத்திரமாகச் சுற்றியிருந்தவை அப்படியே பிழைத்தன. குழாய்ச் சொட்டு. அதே சொட்டு வேறு கோணத்தில். என் சுவர்.

அந்த அம்மாள் அன்று அழுதார். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, டாக்டருக்குப் போன் செய்தார். "வந்து எல்லாத்தையும் எடுத்துக்கங்க டாக்டர். என்ன பண்ணப் போறீங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

டாக்டர் அள்ளிக்கொண்டிருந்தபோது லென்ஸ் ஈனஸ்வரத்தில் வாயைத் திறந்தார். "அது மட்டும் வேற..."

"ஆமாங்க, வேறதான்" என்றார் மனைவி. "டாக்டர், அதை முதல்ல எடுங்க."

இப்போது அலமாரியில் துணிமணிகள் இருக்கின்றன. பெரியக்கா மட்டும் இன்னும் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

என்ன, சிரிக்கிறீர்களா? நம் வீட்டில் கேமராவே கிடையாது என்கிற தைரியம்தானே? உங்கள் பரண்மேல் இருக்கிறதே, மாமனார் விட்டுப்போன ஹார்மோனியமோ, அத்தையின் தையல் மெஷினோ, விற்கத்தான் போகிறோம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிற ஏதோ ஒன்று, நான் அதைச் சொல்லவேயில்லை. அதற்கு இடம் விட்டுக் கொடுத்துவிட்டு உங்கள் வீட்டில் ஒருவர் பேசாமல் காத்திருக்கிறாரே, அவரையும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா என்ன? உங்களுடையது மட்டும் வேற.