கேபிள்காரர் பார்த்த ஹெலிகாப்டர்

தரையைப் பார்த்து நடக்காத மனிதர் என்று இந்த டெல்டாவில் ஒரே ஒருவரைத்தான் நான் கண்டிருக்கிறேன். எங்கள் ஊர்க் கேபிள்காரர். வயல்காட்டு ஊரில் தலையை நிமிர்த்தி நடப்பது வீரமல்ல, விபத்து. நான் அறிய மூன்று முறை வாய்க்காலில் விழுந்திருக்கிறார். மூன்றாம் முறை சேறும் சகதியுமாக எழுந்து, கரையில் நின்ற என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை: "நாலு இன்ஜின் விமானம் சார்! இந்தக் காலத்துல நாலு இன்ஜின் எங்க வருது?"

வீட்டுக்கு வீடு டிஷ் முளைத்து அவர் தொழில் படுத்தபோது, மிஞ்சியது கேபிள் சுருள்கள் மட்டுமே. மற்ற ஊர்க் கேபிள்காரர்கள் அதை எடைக்குப் போட்டார்கள். இவர் அளந்து துண்டு துண்டாக நறுக்கி, ஒன்றோடு ஒன்று இணைத்து, பிளாஸ்டிக் குழாய்க்குள் சொருகி, மொட்டை மாடியில் ஆன்டெனாவாக நட்டார். கீழே கட்டைவிரல் அளவில் ஒரு ரிசீவர், சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பழைய டிவி. டிவியில் நம் மாவட்டங்களின் வரைபடம் தெரியும். அதன்மேல் விமானங்கள் எறும்புகளைப் போல ஊர்ந்தன.

"இதுதான் ராடாரா?" என்று கேட்டேன்.

"ராடாருன்னா நாம சத்தம் போட்டு, அது எதிரொலிக்கணும். இது அப்படியில்ல. விமானமே, 'எம்பேரு இது, இவ்வளவு ஒசரத்துல போறேன், இவ்வளவு வேகத்துல போறேன்'னு கத்திக்கிட்டே போவுது சார். நமக்குத்தான் காது இல்ல. ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், அவ்வளவுதான்."

கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் தினமும் போகிற விமானங்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். "டவுன் பஸ்" என்பார். அவருக்கு வழக்கத்துக்கு மாறானது வேண்டும். திமிங்கலம்போல் வயிறு புடைத்த சரக்கு விமானம் வேண்டும். விமான நிலையக் கருவிகளைச் சோதிப்பதற்காக ஒரே கோட்டில் போய்ப் போய்த் திரும்பும் குட்டி விமானம் வேண்டும். அப்படி ஒன்று எல்லைக்குள் வந்தால் அவர் போனில் சேவல் கூவும். அந்தச் சேவலுக்காக மைத்துனியின் வளைகாப்பில் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தவர் அவர்.

அவர் குடும்பம் லுத்தரன் சபையைச் சேர்ந்தது. ஒரு பெரிய வெள்ளியன்று, இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்றாம் முறை மறுதலித்ததும் சேவல் கூவுகிற இடத்துக்குப் போதகர் வந்து, "அப்பொழுது..." என்று நிறுத்தி மூச்சு வாங்கிய கணத்தில், மூன்றாவது வரிசையில் சேவல் கூவியது. சபை விதிர்விதிர்த்துப் போனது. கேபிள்காரர் வெளியே ஓடினார். நான் அன்று அங்கில்லை. இருந்தவர்களில் ஏழு பேரிடம் தனித்தனியே கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர்களில் ஒருவர்தான் தானும் பின்னால் ஓடியதை ஒப்புக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த அவர் மனைவி, வாசலில் வைத்து அவரை ஒரே வாக்கியத்தில் முடித்தாராம்: "ஆகாசத்துல போறவனோட ஊரு பேரெல்லாம் தெரியும். பெத்த பொண்ணு எத்தனாவது படிக்கிறான்னு கேட்டா முழிப்பாரு."

எனக்கு நோட்டில் குறிக்கும் வியாதி உண்டு. அணை திறந்த நாள், கடைமடையான எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டிய நாள், முதல் மழை, கடைசி மழை. அதனால் கேபிள்காரருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. வாசலில் சைக்கிளை நிறுத்தி, "எழுதிக்கிங்க சார்" என்று ஆரம்பிப்பார். எழுதினேன். சரியும் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. திரையில் இருப்பதைச் சொல்வார், இல்லாததைச் சொல்லமாட்டார். அந்த இரண்டாவது பாதியை நான் போதிய அளவு மதிக்கவில்லை.

கார்த்திகை மாதம். சம்பா நட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. மூன்று நாள் விடாமல் பெய்து நான்காம் நாள் காலை மழை விட்டபோது, பயிரின் தலை தெரியவில்லை. ஆனால் மதியத்துக்குள் வடிகாலில் தண்ணீர் இறங்கிவிட்டது. வரப்பை வெட்டிவிட்டால் விடிவதற்குள் வயல் வடியும், பாதிப் பயிராவது பிழைக்கும். இதுபோன்ற சமயத்தில் எங்கள் ஊர்க்காரன் யாரையும் கேட்கமாட்டான், மண்வெட்டியை எடுத்துவிடுவான்.

அன்று எடுக்கவில்லை. வெள்ளச் சேதத்தை அதிகாரிகள் குழு ஹெலிகாப்டரில் பார்வையிடும் என்று செய்தி வந்திருந்தது. முன்பு ஒருமுறை தண்ணீரை வடித்துவிட்டுக் காத்திருந்தோம். வந்தவர்கள் மிச்சமிருந்த பச்சையைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி நிவாரணப் பட்டியலிலிருந்து ஊரையே விட்டுவிட்டார்கள். ஆகவே ஊருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஹெலிகாப்டர் எப்போது வரும்?

கேபிள்காரர் வீட்டுக்கு நான் போனேன்.

"ஒண்ணு சுத்துது சார், காலையிலேருந்து," என்று டிவியைக் காட்டினார். "பாருங்க, ஏர் ஓட்டுறாப்ல போயிப் போயித் திரும்புது. கொஞ்சங் கொஞ்சமா நம்ம பக்கம் நகருது."

"சர்வேதானே?"

"சர்வே மாதிரிதான் இருக்கு. ஆனா யாரோடதுன்னு காட்டல. நான் சத்தியம் பண்ணமாட்டேன் சார்."

திரும்பி வரும்போது தெருமுனையில் கலியபெருமாள் நின்றார். தண்ணீர் முதலில் தேங்கும் பள்ளக்கட்டில் மூன்று ஏக்கர் குத்தகை, வேறு பிழைப்பு கிடையாது. தோளில் மண்வெட்டி.

"நாளைக்கு வருமா, வராதா? ஒத்த வார்த்தை சொல்லுங்க சார்."

"வரும். கேபிள்காரர் மெஷின்ல தெளிவாத் தெரியுது."

கலியபெருமாள் மண்வெட்டியோடு வீட்டுக்குத் திரும்பினார். அவரைப் பார்த்து ஊரும் திரும்பியது.

மறுநாள் பதினோரு மணி சுமாருக்கு ஹெலிகாப்டர் வந்தது. ஆணும் பெண்ணுமாக அத்தனை பேரும் தொடையளவுத் தண்ணீரில் நின்று, அழுகத் தொடங்கியிருந்த பயிரைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிக் காட்டினோம். தாழ்வாக ஒரு வட்டம் போட்டது. உள்ளேயிருந்து ஒரு கை ஆடியது. "பார்த்துட்டாங்க! பார்த்துட்டாங்க!" என்று கலியபெருமாளின் மனைவி அழுதேவிட்டார். அடுத்த நிமிடம் மேலேயிருந்து ஏதோ கொட்டியது. ரோஜா இதழ்கள்.

பக்கத்து ஊர்ப் பணக்காரர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை வந்திறங்குவதற்கு அமர்த்திய ஹெலிகாப்டரில், இரண்டு நாளாகச் சொந்தக்காரர்களைத் தவணை முறையில் ஏற்றிச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். அன்று பிற்பகலே எங்கள் படம் எல்லார் போனிலும் வந்துவிட்டது. பின்னணியில் நாதஸ்வரம். தலைப்பு: 'நெற்பயிர் ஏந்தி மணமக்களை வாழ்த்தும் விவசாயப் பெருமக்கள்.'

வரப்பை வெட்ட ஓடினோம். சாயங்காலம் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வடிகால் நிரம்பி, நாங்கள் வெட்டிய வழியாகவே தண்ணீர் உள்ளே வந்தது. அதிகாரிகள் குழு மறுவாரம் காரில் வந்தது. எங்கள் ஊருக்குத் திரும்பும் முனை வரை வந்து, சாலை சரியில்லை என்று போய்விட்டது.

இதற்குள் ஊர் தன் தீர்ப்பை எழுதி முடித்திருந்தது. நாலைந்து பேர் மாடியேறிக் குழாயைப் பிடுங்கிக் கீழே போட்டார்கள். கலியபெருமாள் வாசலில் நின்று கத்தினார்: "வானத்தைப் பார்த்துப் பார்த்து எங்களையும் வாய்க்கால்ல தள்ளிட்டியேய்யா! நீதானே வரும்னு சொன்ன?"

நான் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தேன். கேபிள்காரர் என்னைப் பார்த்தார். பார்வையைக் கலியபெருமாளிடம் திருப்பி, "ஆமாப்பா, நாந்தான் சொன்னேன்," என்றார்.

இரண்டு நாள் கழித்துத் தைரியம் வந்து போனேன். உடைந்த குழாயிலிருந்து கேபிள் துண்டுகளை உருவிக்கொண்டிருந்தார்.

"ஏன் என் பேரைச் சொல்லல?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு இங்க நிலம் இருக்கு. உங்க தண்ணி நாலு பேரு வயலைத் தாண்டித்தான் வடிகாலுக்குப் போவணும். அவங்க விடலேன்னா என்ன பண்ணுவீங்க?" நிமிராமலே சொன்னார். "எனக்கென்ன, வயலா வரப்பா?"

அந்தத் தையில் ஊரில் அறுவடை இல்லை. கலியபெருமாள் குத்தகையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனார். கேபிள்காரர் குழாயை மறுபடி நடவில்லை. டீச்சர் ஓய்வு பெற்றதும் இருவரும் மகளோடு இருக்கப் போய்விட்டார்கள். போன இடத்தில், சர்க்கரை வியாதியோடு இரண்டு வருஷம் இருந்து கேபிள்காரர் இறந்தார்.

இதை எழுதுவதற்கு முன் கலியபெருமாளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன.

"இப்பச் சொல்றீங்களே சார்," என்றார். வைத்துவிட்டார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கேபிள்காரர் வாங்கிய வசவில் பாதியாவது எனக்குக் கிடைத்திருந்தால், ஒருநாளாவது அவர் பக்கத்தில் போய் நின்றது மாதிரி இருந்திருக்கும்.