சனிக்கிழமைப் படங்கள்

கட்டை விரல் நகத்தில் இருந்த நீலம் மட்டும் போவேனா என்று அடம்பிடித்தது. ஓவியர் தெருமுனைக் குழாயடியில் நின்று சோப்பு போட்டுப் பார்த்தார், மண் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், கடைசியில் பல்லாலும் சுரண்டிப் பார்த்தார். இப்போது பல்லிலும் நீலம்.

மணி ஆறரை. இதற்கு மேல் தாமதித்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"வாங்க. படம் எப்படி இருந்துச்சு?" என்றாள் மனைவி. அவளும் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை அவளுடையது. சனிக்கிழமைகளில் ஆறு மணி வரைக்கும் வேலை.

"பிரமாதம்," என்றார் ஓவியர், வாயை அதிகம் திறக்காமல்.

"கதை சொல்லுங்க."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஓவியர் எந்தப் படத்துக்கும் போகவில்லை. இரண்டு மாதமாக இப்படித்தான்.

வாரம் முழுக்க ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து, மருந்து பாட்டிலுக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் லேபிள் வரைவது அவருக்கு உத்தியோகம். சனிக்கிழமை அரை நாள். அந்த அரை நாளில்தான் அவர் கலைஞர். சும்மா வரைகிற கலைஞர் இல்லை, பரிசோதனை செய்கிற கலைஞர். மெழுகையும் பிசினையும் சேர்த்துக் காய்ச்சிப் பூசினால் ஓவியத்துக்குள் ஓர் ஆழம் வரும் என்று எங்கோ படித்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன் பச்சைச் சாயத்தோடு அவை இரண்டையும் குக்கரில் போட்டு அடுப்பில் ஏற்றினார். விசில் வரும் என்று காத்திருந்தார். மூடியே வந்தது. சமையலறையில் இன்றைக்கும் அண்ணாந்து பார்த்தால் பசும்புல்வெளி தெரியும்.

அன்றைக்கு மனைவி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மெதுவாகத்தான் சொன்னாள்: "இந்த வீட்டுல இனிமே பரிசோதனைங்கிற பேச்சே கூடாது. இந்த வீட்டுல மட்டுமில்ல, எங்கயுமே. உங்களுக்கு ரசனை இருக்கு, நான் இல்லைங்கல. நாலு நல்ல படம் பாருங்க, கண்காட்சிக்குப் போங்க. அடுத்தவங்க செஞ்சதைப் பார்த்து ரசிக்கக் கூடாதா?"

"சத்தியமா," என்றார் ஓவியர். மறுவாரமே ஒரு டயர் கடையின் மாடி அறையைப் பிடித்துவிட்டார். கடைக்குப் பெயர்ப்பலகை எழுதித் தருவதாகப் பேச்சு. மாடி முழுக்கப் பழைய டியூப். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை. ஓவியருக்கு அது சொர்க்கம்.

"கதையைக் கேட்டேன்," என்றாள் மனைவி.

"ஒரு கலங்கரை விளக்கம். அதுல ஒரு ஆளு. அவன் பேசவே மாட்டான்."

"ஏன்?"

"கூடப் பேச ஆள் இல்லையே."

"அப்புறம்?"

"ஒரு நாள் ஒரு கப்பல் வருது. வந்து, அது பாட்டுக்குப் போயிடுது."

மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஐயோ பாவம்! ஆமா, அது என்ன கையில நீலம்?"

"தியேட்டர்ல சீட்டுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சிருக்கான். ஈரம் காயல."

"பல்லுல?"

"இருட்டுல தெரியாம வாயில கை வச்சுட்டேன்."

அடுத்த சனிக்கிழமை முழங்கை வரைக்கும் சிவப்பு. "போன வாரம் நீலம் அடிச்சவன், இந்த வாரம் சிவப்பு அடிச்சானா?" என்றாள். "பால்கனிக்கு வேற கலர்," என்றார் ஓவியர்.

கதைதான் பெரும்பாடாக இருந்தது. பஸ்ஸில் வருகிற இருபது நிமிடத்துக்குள் ஒரு முழுநீளப் படத்தைத் தயாரித்தாக வேண்டும். இரட்டைப் பிறவிகள், நினைவு தப்பிய வக்கீல், கிணற்றுக்குள் விழுந்த பியானோ என்று கையில் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்தது. போதாக்குறைக்கு அவள் ஒரு நாள், "நீங்க சொல்ற கதையெல்லாம் டாக்டருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அந்தப் பியானோ படத்தோட பேர் என்னன்னு கேட்கச் சொன்னாரு," என்றாள்.

சினிமா ஆபத்து என்று ஓவியருக்குப் பட்டது. கண்காட்சிக்கு மாறினார். கண்காட்சியில் கதை கிடையாது. சுவரில் ஓவியம் தொங்கும்; பார்த்தோம், வந்தோம்.

"யாரோட கண்காட்சி?" என்றாள் மனைவி.

அதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. கண் அறையைச் சுற்றியது. மனைவி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தூசு," என்றார்.

"எங்க?"

"இல்ல, ஓவியரோட பேரு. தூசு. புனைபெயர். பெரிய ஆளு. எளிமையா இருப்பாரு. ரப்பர் பொடி, துரு, காபி டிகாக்‌ஷன், இதுலெல்லாம் வரைவாரு."

"இதுவும் பரிசோதனைதானே?"

"அவர் பண்றாரு. நான் பண்ணலையே."

"பார்க்கணும் போல இருக்கு," என்றாள் மனைவி. "வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போங்க."

இல்லாத சினிமாவைத்தான் காட்ட முடியாது. கண்காட்சியைக் காட்டிவிடலாமே என்று ஓவியருக்கு ஒரு துணிச்சல். சனிக்கிழமை மத்தியானம் முழுக்க டியூப்களை ஒரு மூலையில் அடுக்கி, மாடியைப் பெருக்கி, தான் வரைந்த பதினோரு ஓவியங்களையும் வரிசையாக மாட்டினார். ஓவியங்கள் தயார். தூசுதான் இல்லை. டயர் கடைக்காரரிடம் போய் நின்றார்.

டயர் கடைக்காரர் நல்ல பருமன். பேச்சில் பிரியம் உள்ளவர்; ஆனால் பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் யாரும் நின்று பேசுவதில்லை என்று அவருக்கு நெடுநாள் வருத்தம்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்," என்றார் ஓவியர். "அவ எது கேட்டாலும், 'அது பார்க்கிறவங்க மனசைப் பொறுத்தது'ன்னு சொல்லிட்டு ஜன்னலைப் பாருங்க. போதும்."

"அவ்வளவுதானா சார்? ஜமாய்ச்சிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை மனைவி வந்தாள். ஒவ்வோர் ஓவியத்தின் முன்னும் நின்றாள். டயர் கடைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கிருந்தோ வாங்கிய துண்டை மேலே போட்டுக்கொண்டு நின்றார்.

"இந்தப் படத்துல என்ன சொல்ல வர்றீங்க?" என்றாள் அவள்.

டயர் கடைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். ஓவியரைப் பார்த்தார். சொல்லிக்கொடுத்த வாக்கியம் மறந்துபோயிருந்தது.

"அதுல ஒரு ஓட்டை இருக்கும்மா," என்றார்.

"எங்க?"

"கண்ணுக்குத் தெரியாது. தண்ணில அமுக்கிப் பார்த்தாத்தான் தெரியும். எல்லாருக்கும் உள்ள காத்து இருக்கு. அது எங்கயோ ஒரு இடத்துல கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே இருக்கு. நாம என்னடான்னா மேல மேல அடிச்சுக்கிட்டே ஓட்டறோம்."

மனைவி ஓவியரின் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா?" என்றாள்.

கடைசியாக ஒரு சின்ன ஓவியம். மழை நாளில் ஒரு ஜன்னல், கண்ணாடிக்கு அப்பால் யாரோ போவது மாதிரி ஒரு கறை. டிகாக்‌ஷனும் ரப்பர் பொடியும் சேர்த்து, ஏழு தடவை கெடுத்து, எட்டாவது தடவை வந்தது. அதன் முன்னால் அவள் நின்ற நேரத்தில் கீழே ஒரு லாரிக்கு ஆறு சக்கரமும் மாற்றியிருக்கலாம்.

"இது ரொம்ப நல்லாருக்குங்க," என்றாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் ஓவியரின் எந்த ஓவியத்தைப் பற்றியும் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கு. எப்ப முடியும்?" இப்போது, 'அது என்னுதும்மா' என்று கத்த வேண்டும் போல ஓவியருக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியம் குறுக்கே நின்றது.

"பிடிச்சிருந்தா எடுத்துக்கோங்கம்மா," என்றார் டயர் கடைக்காரர், தாராளமாக. பின்பக்கம் 'தூசு' என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அந்த ஓவியம் கூடத்துக்கு வந்தது. ஏற்கெனவே அங்கே தொங்கிக்கொண்டிருந்தது ஓவியர் எப்போதோ வரைந்த ஒரு தோட்டம். அது கட்டிலுக்கு அடியில் போனது. சாப்பிடும்போதெல்லாம் மனைவி சுவரைப் பார்த்து, "என்ன மனுஷன்!" என்பாள். ஓவியருக்குத் தன் மேலேயே பொறாமையாக இருந்தது. தன் மேலேயே பொறாமைப்பட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

நிலைமையைச் சரிக்கட்டுகிறேன் என்று ஒரு நாள், "தூசுவை அவ்வளவு ஒண்ணும் தூக்கி வைக்க வேண்டியதில்ல. கை சுத்தம் போதாது," என்று சொல்லிப் பார்த்தார்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். "பொறாமைப்படாதீங்க. கத்துக்கோங்க." சொன்னதோடு நிற்கவில்லை. பெயர்ப்பலகையில் பார்த்துவைத்த நம்பருக்கு, அந்த வாரமே டயர் கடைக்குப் போன் செய்துவிட்டாள்.

"தூசு சார்கிட்ட பேசிட்டேன்," என்றாள் அன்று மாலை. "உங்களைச் சிஷ்யனா சேர்த்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. சனிக்கிழமை மத்தியானம் போயிடுங்க. தூரிகை கழுவறது, பலகை துடைக்கிறது, எது சொன்னாலும் முகம் சுளிக்காம செய்யணும். பெரியவங்ககிட்ட வளைஞ்சு கொடுத்தாத்தான் நாலு விஷயம் தெரியும்."

இப்படியாக ஓவியர், தன் அறைக்கே, தான் எழுதிய பெயர்ப்பலகைக்குக் கீழேயே, சிஷ்யனாகப் போய்ச் சேர்ந்தார்.

முதல் நாளே டயர் கடைக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க சார். அம்மா போன்ல ரொம்ப வருத்தப்பட்டாங்க. உங்களுக்குத் திறமை இருக்காம், வழிகாட்டத்தான் ஆள் இல்லையாம்."

"அண்ணே, நீங்க தூசு இல்ல. நான்தான் தூசு."

"அது பார்க்கிறவங்க மனசைப் பொறுத்தது சார்," என்று ஜன்னலைப் பார்த்தார் டயர் கடைக்காரர். வாக்கியம் அவருக்கு இப்போது ஞாபகம் வந்திருந்தது.

ஓவியர் வரையத் தொடங்கினால் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். "இந்த மூலையில காத்து கம்மியா இருக்கு சார்," என்பார். ஓவியர் கடுப்போடு பார்ப்பார். பார்த்தால், உண்மையிலேயே அந்த மூலை தொய்ந்துதான் இருக்கும். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கீழே பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் மேலே வந்து பார்த்தார்கள். ஒரு லாரிக்காரர் தன் வண்டியின் பின்னால் கலையாக ஏதாவது வரைந்து தர முடியுமா என்று கேட்டார். "சிஷ்யன்கிட்ட சொல்லிடறேன்," என்றார் டயர் கடைக்காரர். ஓவியர் வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, லாரியின் பின்கதவில் இரண்டு அன்னம் வரைந்தார். அதிலும் 'தூசு' என்று டயர் கடைக்காரர் வந்து கையெழுத்துப் போட்டார்.

அன்னம் வரைந்து முடித்த அன்றைக்கு ஓவியர் முடிவு செய்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். திட்டட்டும், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகட்டும். கூடத்தில் தொங்குவது என் ஓவியம் என்று ஒரே ஒரு தடவை அவளுக்குத் தெரிந்தால் போதும்.

ஆனால் வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது. சமையலறையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் புல்வெளி தெரியும். நல்ல இடமாக, நாலு பேர் இருக்கிற இடமாக, அவள் சத்தம் போட முடியாத இடமாக இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் சினிமா தியேட்டரை விட்டால் வேறு இடம் இல்லை. இடைவேளையில் விளக்குப் போடுவதற்குள் சொல்லிவிடலாம்.

"ஏம்மா, இந்தச் சனிக்கிழமை லீவு போடேன்," என்றார். "ரெண்டு பேருமா படத்துக்குப் போவோம்."

மனைவி ஒரு நிமிடம் தயங்கினாள். "சனிக்கிழமையா? டாக்டர் விடுவாரான்னு தெரியல. கூட்டமா இருக்குமே." பிறகு, "சரி, கேட்டுப் பார்க்கறேன். எந்தத் தியேட்டர்?" என்றாள்.

"நான் வழக்கமாப் போறதுதான். பஸ் நிலையத்துக்கு எதிர்ல இருக்கே."

"அதுவா?" என்றாள்.

சனிக்கிழமை வந்தது. ஓவியர் பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தை மனப்பாடம் செய்தார். 'நான் ஒண்ணு சொல்லுவேன், கோபப்படக் கூடாது.' தியேட்டர் வாசலில் இறங்கியதும், ஆறு வருடமாக உள்ளே காலடி வைக்காத இடத்தை, தினமும் வந்து போகிறவர் மாதிரி பார்த்துத் தலையாட்டினார்.

"இப்படி வா. எனக்கு இங்க எல்லாம் அத்துப்படி," என்று அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். முதல் கதவைத் தள்ளினார். உள்ளே துடைப்பங்களும் இரண்டு வாளியும் இருந்தன.

"மாத்திட்டான் போலிருக்கு," என்றார்.

இரண்டாவது கதவைத் தள்ளப் போனபோது, "அது லேடீஸ்," என்றாள் மனைவி. "எழுதியிருக்கே."

"அதான், அதான்."

"அந்த வளைவுல திரும்பினா படி இருக்குமோ என்னவோ," என்றாள் அவள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. திரும்பினார்கள். படி இருந்தது. படி ஏறினால் கதவு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில், டிக்கெட் கிழிக்கிற பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓவியர் டிக்கெட்டை நீட்டி, தெரிந்தவரிடம் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். "என்னங்க, சௌக்கியமா?"

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்து நின்றார்.

"வாங்கம்மா, வாங்க! சனிக்கிழமை ஒரு மேட்னிகூட விடாதவங்க, இன்னிக்கு இன்னும் காணோமேன்னு இப்பத்தான் நினைச்சேன். ஆமா, கூட வந்திருக்கிறது யாரும்மா? சாருக்குப் படமெல்லாம் பார்த்துப் பழக்கம் உண்டா?"