திறக்கப்படாத முடிவுக் கோடு

நடைபாதை ஆய்வு இலாகாவில் யாரும் நடந்ததாகத் தகவல் இல்லை. கோலாலம்பூர், கிள்ளான் வட்டார நடைபாதைகளைக் காரில் போய்ப் பார்த்து, உடைந்திருப்பவை உடைந்துதான் இருக்கின்றன என்று உறுதிப்படுத்துவது அதன் தலையாய பணி. அப்பேர்ப்பட்ட இலாகா எண்பதுகளின் நடுவில் திடீரென்று ஓடத் தொடங்கியது. இயக்குநர் குமரப்பனிடம் அவருடைய டாக்டர், "கொஞ்சம் ஓடுங்க" என்று சொல்லிவிட்டார். குமரப்பன் எதையும் தனியாகச் செய்து பழக்கமில்லாதவர்.

இலாகாவில் உண்மையாகவே ஓடத் தெரிந்தவர் குமாஸ்தா வேலை பார்த்த ஜெயராஜ் என்ற கிராணி ஒருவர்தான். விடியற்காலையில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பி, ஏரிப் பூங்காவைச் சுற்றி ஓடிவிட்டு வேலைக்கு வருவார். "யாரு லா துரத்துறாங்க?" என்பதுதான் பல வருஷமாக ஆபீசில் அவருக்குக் கிடைத்துவந்த காலை வணக்கம். இப்போது அதே ஆட்கள் நெற்றியில் துணிப் பட்டை கட்டிக்கொண்டு, கண்ணைப் பறிக்கும் டிராக்சூட்டில் கோப்பு பார்த்தார்கள். முதல் மாடிக்கு லிஃப்ட் வரும்வரை முழங்காலை மடக்கி மடக்கி நீட்டினார்கள்.

ஜெயராஜுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஓர் ஆசை. கிள்ளானில் வருஷந்தோறும் நடக்கும் அரை மராத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்குப் பதக்கம் உண்டு, மற்றவர்களுக்குக் காகிதம். ஒரு வருஷம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மறுவருஷம் காலில் போட்ட சப்பாத்தின் அடி பிய்ந்து போனது. கிடைத்த இரண்டு காகிதங்களையும் மனைவி ரமணி சமையலறை அலமாரித் தட்டில் விரித்து, மேலே ஊறுகாய் ஜாடி வைத்திருந்தாள்.

"இந்த வருஷமாவது பதக்கம் கொண்டாங்க. அதுல ஜாடி வைக்க முடியாது" என்றாள் ரமணி. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஜெயராஜுக்கு வருஷம் முழுக்க ஓடும்போதெல்லாம் அந்த ஜாடிதான் கண்முன்னால் வந்தது.

ஒரு சின்னச் சங்கம் சத்தமில்லாமல் நடத்திவந்த அந்தப் பந்தயத்தை அவ்வாண்டு இலாகா 'பொறுப்பேற்றுச் சிறப்பிக்க' முன்வந்தது. பந்தய வாரத்தின் திங்கட்கிழமை, ஜெயராஜை இயக்குநர் அறைக்கு அழைத்தார்கள்.

"ஜெயராஜ், நீங்கதான் எனக்கு வழிகாட்டி. எப்ப மெதுவா போகணும், எப்ப வேகமா போகணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் குமரப்பன்.

"சரிங்க சார். நான் முன்னால ஓடுறேன். நீங்க என் பின்னாலயே வந்தா..."

செயலாளர் சந்திரகலா இருமினார். "கிராணி எப்படி லா இயக்குநருக்கு முன்னால ஓடுறது? பதவி வரிசைப்படிதான் ஓடணும். முதல்ல சார், அப்புறம் துணை இயக்குநருங்க, அப்புறம் ஆபீசருங்க. கடைசியில நீங்க."

"கடைசியில இருந்துகிட்டு எப்படிம்மா வழிகாட்டுறது?"

"கத்துங்க" என்றார் சந்திரகலா.

பயிற்சிகள் முறைப்படி நடந்தேறின. செவ்வாயன்று ஓட்டத்தின் அவசியம் குறித்து விளக்கக் கூட்டம். பலகாரத்துக்கு வைத்த கறிபாப் தீர்ந்ததும் கலைந்தது. புதனன்று ஒத்திகைக்காக எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக் கிள்ளான் திடலுக்குக் கொண்டு போனார்கள். அங்கே யாரும் ஓடவில்லை. ஓடி முடித்தபின் கையைத் தூக்கிச் சிரிப்பதைத்தான் ஒத்திகை பார்த்தார்கள். வேர்வை போதவில்லை என்று போட்டோக்காரர் குமரப்பனின் நெற்றியில் தண்ணீர் தெளித்தார். இத்தனைக்கும் நடுவில் ஜெயராஜால் ஓடவே முடியவில்லை. பயிற்சிச் சட்டைகளை மடிக்க வேண்டும் என்று தினமும் விடியும்போதே ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெடி வெடித்ததும் வெளியாட்கள் பறந்துவிட்டார்கள். இலாகா மட்டும் வரிசை குலையாமல் புறப்பட்டது. காய்கறிப் பாசாரைத் தாண்டியதும் முன்னால் ஒரு பள்ளம் இருப்பதை ஜெயராஜ் வாலிலிருந்து பார்த்தார்.

"சார், பள்ளம்! ஜாக்கிரதை!"

ஒரு கிராணி இயக்குநரைப் பார்த்து நேரடியாகக் கத்தலாமா என்று அவருக்கு முன்னால் ஓடிய ஆபீசருக்குச் சந்தேகம் வந்தது. அவர் அதைத் தன் மேலதிகாரியிடம் தெரிவித்தார். அவர் துணை இயக்குநரிடம் சமர்ப்பித்தார். எச்சரிக்கை உரிய வழியாக மேலே போய்ச் சேர்ந்தபோது குமரப்பன் பள்ளத்தில் இருந்தார். இலாகா இரண்டு முறை வந்து உறுதிப்படுத்திய பள்ளம்தான் அது.

கணுக்கால் வீங்கிவிட்டது. பின்னாலேயே வந்துகொண்டிருந்த இலாகாக் காரில் அவரை ஏற்றினார்கள். கதவைச் சாத்துவதற்கு முன் குமரப்பன் தலையை நீட்டினார்.

"நிகழ்ச்சி நிக்கக்கூடாது. ஜெயராஜ், என் சார்பா நீங்க ஓடுங்க. இந்த நிமிஷத்துலேருந்து ஓட்டத்தைப் பொறுத்தவரைக்கும் நீங்கதான் தற்காலிக இயக்குநர்."

தற்காலிக இயக்குநருக்கு முன்னால் யாரும் நிற்க முடியுமா? ஆபீசர்கள் ஒதுங்கினார்கள். துணை இயக்குநர்கள் சாலையோரம் நின்று, "வாங்க சார், போங்க சார்" என்று குனிந்து வழிவிட்டார்கள். ஜெயராஜ் திரும்பிப் பார்க்கவே இல்லை. வருஷம் முழுக்கக் காலில் சேர்த்து வைத்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டார். ரப்பர் தோட்டத்து வளைவில் ஐம்பது பேரைத் தாண்டினார், பாலத்தில் இன்னும் கொஞ்சம் பேரை. நெஞ்சு எரிந்தது, கண்ணில் உப்பு இறங்கியது. அவ்வளவு சந்தோஷமாக அவர் அதற்கு முன் இருந்ததில்லை.

திடலுக்குள் நுழைந்தபோது பெரிய கடிகாரத்தில் இரண்டு மணி நேரம் ஆக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

ஆனால் முடிவுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம் நின்றிருந்தது. எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்த செந்தூல் தபால்காரர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அண்ணே, ஏன் நிக்கிறீங்க?" என்றார் ஜெயராஜ் மூச்சு வாங்க.

"இன்னும் தொறக்கல லா."

கோட்டின் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் சந்திரகலா தட்டில் கத்தரிக்கோலோடு நின்றார்.

"சிறப்பு விருந்தினர் டத்தோ வந்து திறந்து வைக்கணும். திறக்காத கோட்டை எப்படித் தாண்டுறது? தாண்டினாலும் கணக்குல வராது."

"எப்ப வருவாரு?"

"வந்துகிட்டே இருக்காரு."

ரிப்பனுக்கு இரண்டு பக்கமும் பஸ்ஸே திரும்பும் அளவுக்கு இடம் இருந்தது. காவலுக்கு ஒருவரும் இல்லை. ஜெயராஜ் ரிப்பனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கால் ஒரு எட்டு முன்னால் போனது. பின்னாலிருந்து யாரோ, "பாஸ், வரிசை, வரிசை" என்றார்கள். கால் திரும்பி வந்தது. வந்ததோடு நிற்காமல், புதிதாக ஓடிவந்த ஒருவரிடம், "அண்ணே, பின்னால போங்க" என்று சொல்லியும் விட்டார்.

இரண்டு மணி நேரக் கெடு அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடந்து போனது.

டத்தோவின் கார் அதற்கு அப்புறம் சாவகாசமாக வந்தது. கூடவே, காலில் கட்டோடு குமரப்பனும் இறங்கினார். ரிப்பன் வெட்டப்பட்டது. டத்தோவின் தோளைப் பிடித்து நொண்டியபடி குமரப்பன்தான் முதலில் கோட்டைத் தாண்டினார்; ஒத்திகை பார்த்தது போலவே கையைத் தூக்கிச் சிரித்தார். இரண்டு மணி நேரத்துக்குள் ஒருவரும் முடிக்காததால் பதக்கங்கள் அப்படியே மிஞ்சிவிட்டன. வீணாகக் கூடாதே என்று மேடையில் இருந்தவர்களுக்கு அவற்றை அணிவித்தார்கள். ஓடியவர்களுக்குக் காகிதம். எல்லாரும் கை தட்டினார்கள். ஜெயராஜும் தட்டினார், கொஞ்சம் பலமாகவே.

மூன்றாவது காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு அவர் குடும்பத்தாருக்கான கூடாரத்துக்குப் போனார். ரமணி எழுந்து வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நீங்க நேரத்தோட வந்ததை நான் பார்த்தேன். ஒரு துணி ரிப்பனுக்கா நின்னீங்க? தாண்டியிருக்கலாம்ல? யாரு உங்கள அடிச்சிருப்பாங்க?"

ஜெயராஜ் பேச்சை மாற்ற, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"காலையிலேயே நாசி லெமாக் பொட்டலம் கொடுத்துட்டாங்க. பசி உயிர் போகுது."

அவள் கையில் பொட்டலம் கட்டியது கட்டியபடி இருந்தது. கூடாரத்தில் இருந்த அத்தனை பேர் மடியிலும் அப்படித்தான் இருந்தது.

"அப்புறம் ஏன் சாப்பிடல?"

ரமணி மேடையைக் காட்டினாள். "டத்தோ இன்னும் பொட்டலத்தப் பிரிக்கலையே."