என் தோலும் என் மனைவியின் மூக்கும்

என் மேல் எருமை வாடை வீசுகிறதாம்.

சொன்னது என் எதிரி இல்லை. என் மனைவி சந்திரகலி. யாரிடம் சொன்னாள்? கன்னோஜ் நகரத்தில் முப்பது வருஷமாக அத்தர் காய்ச்சுகிற என்னிடம்! இந்த பத்ரி பிரசாத் தெரு முனையில் திரும்பினால் ஆள் வருமுன் மணம் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான். அதனால் என்ன, பேச்சு பேச்சுதானே.

அவள் அப்படிச் சொன்னது எந்த நேரத்தில் என்பதைக் கவனியுங்கள். ஆறு மாதம் தூக்கம் கெட்டு ஒரு புது அத்தர் செய்திருந்தேன். வெட்டிவேர், கல்பாசி, கோரைக்கிழங்கு, சடாமாஞ்சில், மருக்கொழுந்து எல்லாவற்றையும் செப்புப் பானையில் ஏற்றிச் சந்தன எண்ணெயில் இறக்கியது. புட்டியில் பார்த்தால் கரும்பச்சை. தோலில் வைத்ததும் முதலில் கசக்கிய இலை மணக்கும். கொஞ்ச நேரத்தில் பச்சை இருண்டு, மருக்கொழுந்தின் கசப்பு வரும். பிறகு கல்பாசியின் ஈரம். மதியத்துக்கு மேல் மரம். சாயங்காலம் வெட்டிவேரும் மண்ணும் மட்டும் தோலோடு தங்கி, பக்கத்தில் வருகிறவர்களைப் பெருமூச்சு விட வைக்கும். ஷ்யாம்வன் என்று பெயர் வைத்தேன். இருண்ட காடு என்று அர்த்தம். காட்டில் எருமைக்கு என்ன வேலை?

"ஏங்க, இன்னிக்குக் குளிச்சீங்களா?" என்று ஆரம்பித்தாள்.

"ரெண்டு தடவை குளிச்சாச்சு. ஏன்?"

"அப்ப அந்த எருமை எங்க நிக்குது?"

"எந்த எருமை?"

"குட்டையில ஊறி எழுந்து வந்த எருமை. இங்கதான் எங்கயோ நிக்குது. கையைக் காட்டுங்க."

காட்டினேன். மணிக்கட்டில் மூக்கை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"இதான் எருமை" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் பானையையே கவிழ்த்திருப்பேன். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு சங்கடம் இருக்கிறது. முப்பது வருஷம் அத்தர் ஆவியில் வெந்த மூக்கு, ஊரார் மேல் இருப்பதையெல்லாம் சொல்லும். தன் மேல் இருப்பதை மட்டும் சொல்லாது. அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம். புட்டியில் இருப்பதை ஆண் சொல்வான். அவன் தோலில் இருப்பதை வீட்டுக்காரி முகர்ந்து சொல்வாள். அவள் சொல்வதுதான் தீர்ப்பு. இந்த வழக்கத்தை எவன் ஏற்படுத்தினானோ, அவன் நிச்சயம் கல்யாணம் ஆகாதவன்.

இன்னொரு சங்கடம், லக்னோ அத்தர் வியாபாரி லாலா ரூப்நாராயண். வருஷத்துக்கு ஒரு முறை, ஹோலி முடிந்த கையோடு வருவார். கோடைக்கு லக்னோவே பூசிக்கொள்ளப்போகும் அத்தரைத் தேர்ந்தெடுப்பார். ஒன்றே ஒன்றுதான். பதினொரு வருஷமாக நானும் அவர் முன்னால் போய் நிற்கிறேன், பதினொரு வருஷமாக இன்னொருத்தன் அத்தர்தான் லக்னோ போகிறது. அந்த மனிதர் புட்டியைத் திறக்கவே மாட்டார். "வாங்குறவன் புட்டியையா உடம்புல கட்டிக்கப் போறான்?" என்பார். காலை எட்டு மணிக்கு அவர் ஆள் வீட்டுக்கு வந்து, அத்தர் செய்தவனின் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போவான். மாலை நாலு மணிக்கு, தான் தங்கியிருக்கும் தர்மசாலையில் லாலாஜி அந்தக் கையைப் பிடித்து முகர்வார். அந்த நேரத்தில் என் கை எருமையாக இருந்தால்?

உடனே பக்கத்துக் கிட்டங்கி முஷ்தாக்கிடம் ஓடினேன். வெட்டிவேர் வியாபாரி. காலையிலிருந்து மூட்டை தூக்கி, வேர்த்து, தூசியில் புரண்டு நின்றான். அவன் கையில் ஒரு சொட்டு வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்தேன். அட கடவுளே! அடர்ந்த காடு! மழை நின்ற காடு! இந்த மூட்டை தூக்கி மேலா இப்படி மணக்க வேண்டும்?

"இப்ப என் கையை மோந்து பாருடா" என்றேன்.

முகர்ந்தான். தொண்டையைச் செருமினான். வானத்தைப் பார்த்தான்.

"சொல்லலாமா அண்ணே? மனசு கஷ்டப்படக் கூடாது."

"சொல்லித் தொலை."

"நனைஞ்ச சாக்கு."

"சாக்கா?"

"பழைய சாக்கு அண்ணே."

ஆக, அத்தரில் குறை இல்லை. என் தோலில்தான் குறை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? வீட்டுக்கு வந்து சந்திரகலியிடம்தான் சொன்னேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"தோல் என்ன பண்ணும் பாவம்?" என்றாள். "உள்ள போறதுதான் வெளிய வரும்."

"உள்ள என்ன போகுது? நீ ஆக்கிப் போடுறதுதான் போகுது."

"நான் ஒண்ணும் சொல்லல."

"ஒருவேளை... ஜர்தா பீடாவா, அந்தப் புகையிலையா இருக்குமோ?" நானேதான் கேட்டேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்கவில்லை.

"ஐயோ, அதையெல்லாம் எதுக்கு விடுறீங்க? ஒரு நாளைக்குப் பதினாறுதானே போடுறீங்க? லாலாஜி அடுத்த வருஷமும் வருவார்."

"அடுத்த வருஷமா? இந்தக் கணமே விட்டேன்!"

"உங்களால முடியாதுங்க."

"முடியாதா? யாரால முடியாது? இந்த பத்ரி பிரசாத்தாலயா? புகையிலை மட்டுமில்ல, வெங்காயம் பூண்டு ஊறுகாய் எல்லாத்தையும் விட்டேன்! இன்னும் என்ன விடணும் சொல்லு!"

"இவ்வளவு பிடிவாதமா இருக்கீங்க, நான் என்ன பண்றது" என்று அலுத்துக்கொண்டே எழுந்துபோய், எனக்குச் சுரைக்காய் நறுக்கினாள். சுரைக்காய் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

இருபத்தேழு நாள்! முல்தானி மட்டியும் தயிரும் பூசிக் குளியல். வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்துச் சாறு. இரண்டு வேளையும் சுரைக்காய். ஜர்தா இல்லாமல் முதல் வாரம் புத்தி நிலைகொள்ளவில்லை. பானைக்கு அடியில் விறகு வைக்கிற இடத்தில் வெட்டிவேரை வைத்தேன். ஹோலி அன்று ஊரே பூரணக் கொழுக்கட்டை தின்றபோது, "நெய் தோல்ல ஏறிடும்" என்று என் தட்டிலிருந்து எடுத்துத் தன் தம்பி தட்டில் போட்டாள்.

தினமும் காலையில் பரீட்சை. கையில் ஒரு சொட்டு. மதியம் அவள் மூக்கு. நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிற்பேன்.

"எருமை கொஞ்சம் தூரமாப் போயிருக்கு" என்றாள் ஐந்தாம் நாள். அன்றைக்குக் கூடத்து மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக் கொடுத்திருந்தேன்.

"இலை வாசனை லேசா வருது" என்றாள் பத்தாம் நாள். அன்றைக்கு அவளைக் கான்பூர் கூட்டிப்போய்ப் புடவை எடுத்துக் கொடுத்திருந்தேன்.

ஹோலிக்கு வந்த அவள் தம்பியிடம், "எத்தனை நாள் இருக்கப் போறே மாப்பிள்ளை?" என்று அன்போடுதான் கேட்டேன். மறுநாள் அவள் மூக்கு சுருங்கியது. "இதென்னங்க, எருமை திரும்பி வந்திருக்கு?" பதறிப்போய்த் தம்பியை இன்னும் ஒரு வாரம் இருக்கச் சொன்னேன். எருமை போய்விட்டது. இதெல்லாம் எனக்கு ஏன் அப்போதே உறைக்கவில்லை என்று கேட்காதீர்கள். ஜர்தா இல்லாத மூளை அப்படித்தான் இருக்கும்.

இருபத்தேழாம் நாள் காலை லாலாஜியின் ஆள் வந்து சொட்டு வைத்துவிட்டுப் போனான். மதியம் சந்திரகலி முகர்ந்தாள். நீண்ட நேரம் முகர்ந்தாள். "தைரியமாப் போங்க" என்றாள்.

போனேன். வழியில் பீடாக்கடை இருக்கிறது. அது அங்கே இருப்பது என் குற்றமா? இருபத்தேழு நாள் தலையைத் திருப்பிக்கொண்டு போனவன், அன்றைக்கு மட்டும் திரும்பிப் பார்த்தேன். லாலாஜி முகரப்போவது கையை. வாயை இல்லை. ஒன்றே ஒன்று, வாய்க்கு ஒரு ஆறுதல். போட்டேன். ஆகா! அந்த ஆகாவில் மயங்கி, பக்கத்துக் கடையில் சூடாக எடுத்த வெங்காய பஜ்ஜி ஆறும் தின்றுவிட்டு, அதன் மேல் இன்னொரு பீடாவும் போட்டேன். ரெண்டாவது பீடா பாதி கரைந்த பிறகுதான் சந்திரகலி சொன்னது நினைவுக்கு வந்தது. உள்ளே போவதுதான் வெளியே வரும் என்றாளே! இருபத்தேழு நாள் தவமும் ஆறு பஜ்ஜியில் போயிற்றே!

தர்மசாலையில் ஒன்பது பேர் கையை நீட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முஷ்தாக்கும் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். லாலாஜி ஒவ்வொரு கையாக முகர்ந்து வந்தார். என் முன்னால் உட்கார்ந்தார். நான் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வலது கையை நீட்டினேன். பீடா வாடை வெளியே வந்துவிடக் கூடாதே!

"பாருங்கய்யா, இதுதான் மரியாதை" என்றார் லாலாஜி மற்றவர்களிடம்.

முகர்ந்தார். கண்ணை மூடினார். திறக்கவில்லை.

"காடு" என்றார். "மழைக்கு அப்புறம் காட்டுக்குள்ள நடந்து, ஒரு மரத்தடியில மண்ணைக் கிளறின மாதிரி இருக்கு. கசப்பு இருக்கு, ஆனா உறுத்தல. இந்தத் தோல்ல எப்படி ஒட்டியிருக்கு! என்னய்யா பண்ணுனே?"

வாயைத் திறந்தால் தொலைந்தேன். முஷ்தாக் முந்திக்கொண்டான். "லாலாஜி, அண்ணன் இருபத்தேழு நாளா ஜர்தா தொடல, வெங்காயம் பூண்டு தொடல. சுரைக்காய் மட்டும்தான்!"

நான் வாயைப் பொத்தியபடி தலையை ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது புகையிலை உறைப்பு. லாலாஜி அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டு என்னைத் தழுவிக்கொண்டார். பன்னிரண்டாவது வருஷத்தில் என் அத்தர் லக்னோ போகிறது!

தர்மசாலை வாசலைத் தாண்டியதும்தான் விஷயம் பொறி தட்டியது. ரெண்டு பீடா. ஆறு வெங்காய பஜ்ஜி. கையில் காடு! அப்படியென்றால் ஜர்தாவுக்கும் என் தோலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருபத்தேழு நாள் நான் சுரைக்காய் தின்றது எதற்காக? வேப்பஞ்சாறு குடித்தது எதற்காக? அந்தத் தம்பிப்பயல் என் கொழுக்கட்டையைத் தின்றது எதற்காக? வீடு வரை ஓடினேன்.

"ஏமாத்துக்காரி! எங்க எருமை? காட்டு அந்த எருமையை!"

"தேர்ந்தெடுத்துட்டாரா?" முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு.

"தேர்ந்தெடுத்தார்! பேச்சை மாத்தாதே. தின்கிறதுக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்ல!"

"இல்லேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்படியா? போற வழியில ரெண்டு ஜர்தா பீடா போட்டுட்டுத்தானே போனேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"ரெண்டா?"

"நீ மொதல்ல பதில் சொல்லு! என் கை நாறிச்சா இல்லையா?"

"மொதல் நாள்லேர்ந்து மணக்குதுங்க. நானே அன்னிக்கு அசந்துட்டேன்."

"முஷ்தாக் சாக்குன்னு சொன்னானே!"

"நீங்க அங்க ஓடின உடனே நான் முஷ்தாக் பொண்டாட்டி நஸீம்கிட்ட சொன்னேன், அவ புருஷன்கிட்ட சொன்னா. அவரும் வீட்ல சோறு தின்னணுமில்ல?"

ஒரு தெருவே சேர்ந்து என் தோலுக்கு எதிராகச் சதி செய்திருக்கிறது!

"ஏன்டி இப்படிப் பண்ணே?"

"முப்பது வருஷமா வாய் நாறுதுன்னு சொன்னேன். காதுல ஏறல" என்றாள். "எங்க பெரியண்ணன் ஜர்தாவால வாயைத் திறக்க முடியாம ஆறு மாசம் கஞ்சி குடிச்சார். அதைக் காட்டிச் சொன்னேன், அதுவும் ஏறல. கை நாறுதுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அன்னிக்கே விட்டீங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு இளகத்தான் பார்த்தது. ஆனால் இளகினால் நான் பத்ரி பிரசாத் இல்லையே!

"நாளையிலேர்ந்து மறுபடி போடுவேன்! பதினாறு! இருபது!"

"தாராளமாப் போடுங்க. அடுத்த வருஷமும் லாலாஜி வருவார். அதுக்கு முன்னால உங்க கையை மோந்து சொல்லப் போறது யாரு?"

யோசித்துப் பாருங்கள். ஆறு மாதம் உழைத்துச் செய்த மணம். லாலாஜிக்குத் தெரியும், முஷ்தாக்குக்குத் தெரியும், இவளுக்கு முதல் நாளே தெரியும். என் மேல் அது எப்படி இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியாது. இதைவிடக் கொடுமை உலகத்தில் உண்டா? மானம் ரோஷம் எல்லாவற்றையும் விட்டுக் கையை நீட்டினேன்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லு. எப்படி மணக்குது?"

அவள் கையைப் பிடிக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வாயைக் கொப்பளிச்சிட்டு வந்து கேளுங்க."

கொப்பளித்தேன்.