பேர் வெட்ட முடியாத புடவை

திருவண்ணாமலையில் நீங்கள் ஒரு கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ போயிருந்தால், பெரும்பாலும் என் பேர் மேல் சாய்ந்துதான் உட்கார்ந்திருப்பீர்கள். அடுத்த முறை எழுந்து நாற்காலியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புப் பெயிண்டில் 'வ.தே.' என்று எழுதியிருக்கும். வ. தேவராஜ். நான்தான்.

அஞ்சாங்கிளாஸ் பாதியில் நின்றவன் (பாதி என்பது வாத்தியார் கணக்கு, என் கணக்கில் கால்தான்). கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றுத் துணிகூட இல்லாமல் வந்தவன். பந்தல்காரரிடம் கயிறு இழுத்தேன். சொந்தமாக ஒரு சாமியானா, ஒரு அண்டா, சில கரண்டிகளோடு வாடகைக் கடை போட்டேன். பேங்க்கில் லோன் இல்லை என்றார்கள், குடோன் கட்டினேன். குடோன் எரிந்தது, மறுபடியும் கட்டினேன். வேங்கிக்காலில் மாடி வீடு கட்டினேன். பெண் கொடுக்க யோசித்த என் மாமனார் வீட்டு விசேஷங்களுக்கே இன்றைக்கு என் நாற்காலிதான் போகிறது.

பேர் வெட்டாத சாமான் என் கடை வாசலைத் தாண்டாது. அண்டா, சாம்பார் வாளி, கரண்டிக் காம்பு, எல்லாவற்றிலும் 'வ.தே.' உண்டு. பேர் இல்லாவிட்டால் நம் சாமானையே நம்மிடம் திருப்பி வாடகைக்கு விட்டுவிடுவார்கள். உலகம் அப்படி.

அப்படிப்பட்ட நான் பேர் வெட்டாமல் கோட்டைவிட்டது ஒரே ஒரு விஷயத்தில். அதைத்தான் என் மனைவியின் தம்பி சேகர் (பி.ஏ. படித்தவன்) ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிச் சிரிக்க வைக்கிறான். அதுவும் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. அவன் சொல்வதில் நான் கோமாளி. நடந்தது என்ன என்பதை நானே எழுதிவிடுகிறேன்.

என் ஒரே மகன் பிரகாஷ் ராணுவத்தில் இருக்கிறான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை, அவன் கம்பெனியை எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த எல்லை என்று சொல்லக்கூடாதாம். மலைமேல் காவல். மேலே டவர் கிடையாது. கீழே கேம்புக்கு இறங்கும்போது மட்டும் பேசுவான். அது எப்போது என்று அவனுக்கே தெரியாது.

மருமகள் நித்யா பி.காம். வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு தட்டில் இருக்கும், கண் போனில் இருக்கும். ஒருநாள் என் எதிரே வந்து நின்று, தேரடி வீதியில் பெரிய ஜவுளிக்கடையில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், போகப்போகிறேன் என்றாள். என் வீட்டுப் பெண் கடையில் நின்று புடவை பிரிப்பதா என்று குதித்தேன். என் மனைவி, "நீங்க குதிச்சி முடிச்சதும் சொல்லுங்க, அந்தப் பொண்ணுக்கு டிபன் பாக்ஸ் கட்டணும்" என்றாள். அவ்வளவுதான் என் செல்வாக்கு.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கடையில் வேலைக்காரர்கள் வாசலிலேயே போனைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். சாயந்தரம்தான் திரும்பக் கிடைக்கும். வீட்டார் வந்து பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. அதிலும் பயிற்சிக் காலத்தில் இருப்பவர்கள் தும்மினாலும் தப்பு. பெட்டிக்குள் போன் அடித்தால் யார் எடுப்பது? அதனால் நித்யா போனை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு ஒரு புது வேலை, எனக்கு ஒரு புது வேலை. ஊருக்கே சாமியானா போட்டவன் ஒரு போனுக்கு வாட்ச்மேன்.

"அவர் பேசுனா வேலைக்குப் போறத நீங்க சொல்லாதீங்க மாமா. நானே சொல்லிக்கறேன்" என்று வேறு கேட்டுக்கொண்டாள். ஆனால் அவன் கூப்பிடும்போதெல்லாம் அவள் கடையில் இருந்தாள். நானும் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். இந்த ஊரில் அதைவிட நம்புகிற பொய் கிடையாது. ஒருமுறை, இருமுறை சரி. அடுத்த முறை அவன், "எப்ப கேட்டாலும் கோயில்ன்ற. சாமியாரா போய்ட்டாளா நைனா?" என்று கேட்டான். சிரிக்கத்தான் கேட்டான். ஆனால் சிரிக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின பௌர்ணமியன்று மத்தியானம் போன் அடித்தது. குரலே சரியில்லை. "நாளைக்கு மேல போறோம் நைனா. இந்த வாட்டி சீக்கிரம் எறங்க மாட்டோம். கொஞ்ச நேரம் கழிச்சி வீடியோல வரேன். அவ எங்க இருந்தாலும் கூட்டினு வா. மூஞ்ச பாத்துட்டு போறேன்" என்றான்.

கைலியோடு மொபெட்டை எடுத்தேன். ஆனால் அன்றைக்குக் கிரிவலக் கூட்டம். போலீஸ்காரர் வண்டியை மறித்தார். என் மகன் ராணுவத்தில் இருக்கிறான் என்றேன். அப்படியென்றால் அவரை ஓட்டிக்கொண்டு வரச்சொல்லுங்கள் என்றார். வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, மலையைச் சுற்றப் போகிற ஜனமெல்லாம் ஒரு பக்கம் போக, நான் மட்டும் எதிர்ப்பக்கம் இடித்துக்கொண்டு ஓடினேன்.

வீட்டார் என்று சொன்னால் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் வாடிக்கையாளரை யார் தடுப்பது? புடவைக் கடையில் போனைத் தூக்கிப் பிடித்து, வெளியூரில் இருப்பவர்களுக்கு வீடியோவில் காட்டுகிறவர்கள் எத்தனை பேர்? என் மகனும் அப்படிப் பார்க்கட்டும். நித்யா காட்டட்டும். (இந்த யோசனை யாருடையது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சேகர் இதைச் சொல்வதே இல்லை.)

வாசலில் நின்றவன் என் கைலியைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் துண்டு, கைலி எல்லாம் பின்பக்கம் என்று கை காட்டினான்.

"பட்டு" என்றேன்.

"என்ன ரேட்ல பாக்கறீங்க?" என்றான்.

அவன் உட்கார்ந்து சாப்பிட்ட பந்தியெல்லாம் என் பந்தி. ரேட்டைப் பற்றி என்னிடம் கேட்கிறான். என் சரித்திரத்தை ஆரம்பித்தேன். குடோன் எரிந்த இடம் வருவதற்குள் அவனே லிஃப்டில் ஏற்றி அனுப்பிவிட்டான்.

பட்டுப் பிரிவில் நித்யா அந்தக் கோடியில் நின்றிருந்தாள். சீருடைப் புடவை, நெஞ்சில் பேர் அட்டை. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. போனில் ஏதோ கெட்ட செய்தி வந்துவிட்டது என்று பயந்திருக்கிறாள். அது எனக்கு அப்போது புரியவில்லை. ஒன்றுமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். தலையையாவது ஆட்டியிருக்கலாம்.

என் எதிரே வேறொரு அம்மா வந்து, புடவையைப் பிரிக்க உட்கார்ந்தார். "நீ வேணாம்மா. அதோ நிக்குது பாரு, அந்தப் பொண்ண வரச்சொல்லு" என்றேன்.

பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பினார்கள். மாடிப் பொறுப்பாளர், டை கட்டிய மனிதர், வேகமாக வந்தார். ஏன் அந்தப் பெண்தான் வேண்டும் என்று கேட்டார். நானும் சளைக்காமல், "எம்மருமகளுக்குப் பொடவ. அவ நெறமும் இந்தப் பொண்ணு நெறமும் ஒண்ணு. இது மேல வச்சிப் பாத்தாதான் தெரியும்" என்றேன். அந்த நிமிஷத்தில் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு பெண்களில் பெரியவர், எனக்குக் கேட்கிற மாதிரி, "வயசு ஆவ ஆவத்தான் நெறமெல்லாம் நல்லா தெரியும் போல" என்றார்.

அண்ணாமலையார் சாட்சியாகச் சொல்கிறேன், என் மொத்த ஆயுளிலும் அப்படி ஒரு பார்வை யாரும் என்னைப் பார்த்ததில்லை. பொறுப்பாளர் செக்யூரிட்டியைத் தேட ஆரம்பித்தார். நல்லவேளை, போன் அடித்தது. "இதோ, எம்பையன். அவன்தான் பாத்து எடுக்கணும்" என்று தூக்கிக் காட்டினேன். திரையில் கம்பளிக் குல்லாவும் பச்சை உடுப்புமாக பிரகாஷ். நித்யா நிமிஷத்தில் புரிந்துகொண்டாள். எதிரே வந்து உட்கார்ந்து ஒரு புடவையைப் பிரித்தாள்.

"பாருங்க சார். அரக்குல ஜரிகை பார்டர்."

அவன் புடவையைப் பார்க்கவில்லை. அவள் சீருடையைப் பார்த்தான், பேர் அட்டையைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் நிற்கிற பொறுப்பாளரைப் பார்த்தான். (கெட்டிக்காரன். என் ரத்தம்.) அப்புறம் கேட்டான்.

"நீங்க எப்பலேர்ந்து இங்க இருக்கீங்க?"

"ஆவணிலேர்ந்து சார்."

"கோயிலுக்குப் போறேன்னு சொன்னாங்க."

"கோயிலுக்குப் பக்கத்துலதான் சார் கடை."

"வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாங்க. வீட்ல உக்காந்தா போனையே பாத்துனு இருக்கத் தோணுது சார். அதான்." அடுத்த புடவையைப் பிரித்தாள். "உங்களுக்குக் கோபமா சார், இந்தக் கலரு?"

"இல்ல. நல்லாதான் இருக்கு. காலு வலிக்குதா?"

"நாள் பூரா நிக்கிற வேலைதானே சார். உங்களுக்கும் அதானே."

லைன் போய்விட்டதோ என்று நான் போனைத் தட்டினேன். போகவில்லை.

மயில் கழுத்து நிறத்தில் ஒன்றை எடுக்கச் சொன்னான். தோளில் போட்டுக் காட்டச் சொன்னான். கடைப் பெண்கள் போட்டுக் காட்டுகிற மாதிரிதான் போட்டாள். ஆனால் சரியாக இருந்த முந்தானையையே மறுபடி மறுபடி இழுத்துவிட்டாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்குக் கை கடுத்தது. இத்தனை நேரமும் போனுக்கு ஸ்டாண்டாக இருந்தவன் நான்.

அதற்குள் பொறுப்பாளர் உடுப்பைக் கவனித்துவிட்டார். குரலே மாறியது. மிலிட்டரியா சார் என்று கேட்டு, போனுக்கு ஒரு சல்யூட் வைத்தார். செக்யூரிட்டியாக நின்றவரும் வந்து ஒரு சல்யூட் வைத்தார். பொறுப்பாளர் நித்யாவைக் காட்டி, ரொம்பப் பொறுமையான பெண், இந்த மாதமே இவளை நிரந்தரமாக்கப்போகிறோம் என்றார். சற்று முன் என்னைக் கண்ணாலேயே எரித்த அந்த மூத்த பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒரு புள்ளைய பெத்தாளே, அந்தத் தாய் புண்ணியவதி" என்றார்.

எல்லாருக்கும் ஆயிற்று. மகனுக்கு சல்யூட். மருமகளுக்கு வேலை. வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவிக்குப் புண்ணியம். கூட்டத்தில் இடிபட்டு, கைலிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, பொம்பளைப் பொறுக்கி என்று பேர் வாங்கி, கை கடுக்க நிற்கிறவனுக்கு?

வாய் தானாகத் திறந்தது.

"தாய் மட்டும்தான் பெத்தாளா? அவன் எம்புள்ள. இது எம்மருமக. போன எடுத்துனு ஓடியாந்தது நானு. பொடவ காட்டற மாதிரி பேசிக்கலாம்னு ரோசன பண்ணதும் நானு."

அந்த மாடியில் எல்லாக் கையும் பிரித்த புடவையோடு நின்றுவிட்டது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. (ஏசி கடை, மின்விசிறி இல்லை. ஆனாலும் கேட்டது.)

நித்யா மெதுவாகத் தோளிலிருந்து புடவையை எடுத்தாள். பொறுப்பாளர் முகத்தில் சல்யூட் கலைந்தது. போனில் பிரகாஷ், "நைனா, நீ சும்மாவே..." என்று ஆரம்பித்தான். அப்படியே உறைந்துவிட்டான். படம் நின்றுவிட்டது. பாதி திறந்த வாய், பாதி மூடிய கண். அப்புறம் திரை கறுப்பாகிவிட்டது. திரும்ப அடித்தேன். போகவில்லை. அடுத்த முறை அவன் முகத்தைப் பார்க்க மார்கழி ஆயிற்று. அதுவரைக்கும் எங்களுக்குக் கடைசியாகத் தெரிந்த முகம் அதுதான்.

பொறுப்பாளர் நித்யாவிடம் பேர் அட்டையைக் கேட்டார். கேட்கும்போது அவரும் தலையைக் குனிந்துகொண்டார். கடை விதி அவர் போட்டதில்லை. அவள் ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். என் சரித்திரத்தை மறுபடி எடுத்தேன், கேட்க ஆளில்லை. அந்த மயில் கழுத்துப் புடவையை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

வெளியே ஜனம் மலையைச் சுற்றப் போய்க்கொண்டிருந்தது. அவள் முன்னால் போனாள், பையோடு நான் பின்னால். வேறு வேலை பார்க்கலாம், நானே நாலு இடத்தில் சொல்கிறேன் என்று பேசிக்கொண்டே வந்தேன். மொபெட் பக்கத்தில் வந்துதான் திரும்பினாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் பேசியிருப்பாரு மாமா" என்றாள். வேலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பையை மொபெட்டில் மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். அதை விடுவோம்.

நித்யா வேறொரு கடையில் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். என் சிபாரிசு இல்லாமல். முதல் நிபந்தனையே அதுதான். பிரகாஷ் லீவில் நல்லபடியாக வந்தான். காட்பாடி ஸ்டேஷனுக்கு அவள் மயில் கழுத்துப் புடவை கட்டிக்கொண்டுதான் போனாள். பார்த்தவர்களிடமெல்லாம், "அவர் செலக்ட் பண்ணது" என்றாள். ஸ்டேஷனில் இருவரையும் எடுத்த படம் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. படத்தின் ஓரத்தில் ஒரு பெட்டியும் ஒரு முழங்கையும் தெரியும். முழங்கை என்னுடையது.

இப்போது எந்த விசேஷத்திலும் நான் என் கதையைச் சொல்ல வாயெடுத்தால், என் மனைவி கூட்டத்துக்கு நடுவிலிருந்து, "என்ன ரேட்ல பாக்கறீங்க?" என்று கேட்பாள். சேகர் மீதியைச் சொல்வான். ஜனம் சிரிக்கும். மகன் சிரிப்பான். நித்யாவும் சிரிப்பாள், ஆனால் கடைசியாக.

அண்டாவில் வெட்டலாம், கரண்டியில் வெட்டலாம், புடவையில் எங்கே பேர் வெட்டுவது? வெட்டாமல் விட்டதால்தான் இத்தனை பேச்சு. ஆகவே அச்சில் கேட்கிறேன். அந்த இரண்டு நிமிஷம் போனது என்னால் என்றால், அதற்கு முன்னால் அவர்கள் பேசினார்களே, அது யாரால்? அடுத்த விசேஷத்தில் சேகர் அந்தக் கதையை எடுக்கும்போது, முதல் வரியில், "இந்த ரோசன எங்க மாமா தேவராஜோடது" என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளுங்கள். நாற்காலியும் என்னுடையதுதான்.